துறையில் ஏறிய வெள்ளை

சென்ற ஆவணியில் கிண்ணியாப் பாலத்தின் நடுவில் எங்கள் கல்யாண வானுக்கு எதிரே ஒரு ஜனாஸா வான் வந்தது. வந்தது, கடந்தது, போய்விட்டது. பத்திரிகையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த எனக்கு, இதில் செய்தி எதுவும் இல்லை என்று நன்றாகத் தெரியும். பெண் வீட்டு வாகனம் ஒன்று நகரத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போகிறது. நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மையத்து, இறந்த முஸ்லிம் ஒருவரின் உடல், ஊருக்குத் திரும்புகிறது. பாலம் அகலமானது. இரண்டுக்கும் இடம் இருந்தது.

முன் சீற்றில் இருந்த என் நண்பன் சிவநேசன் மட்டும் கையை நீட்டி வானில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினான். சாரதி சின்னப் பெடியன்.

"என்ன அங்கிள், பாட்டுப் பிடிக்கேல்லையோ?"

"இல்லைத் தம்பி, சும்மா."

பாலம் முடிந்ததும் சிவநேசனே திரும்பப் போட்டுவிட்டான். கல்யாணப் பெண் அவனுடைய மகள். நகைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தவள், "அப்பா, என்னத்துக்கு நிப்பாட்டினனீங்கள்?" என்று கேட்டாள். அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கீழே பழைய துறையின் சீமெந்துச் சரிவு இன்னும் இருக்கிறது. தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கிறது. அன்று அதில் ஒரு மாடு நின்றது.

பாதை என்றால் உங்களுக்கு நடக்கிற வழிதான் நினைவுக்கு வரும். எங்கள் மாவட்டத்தில் பாதை என்பது மிதக்கும். பெரிய தட்டையான மேடை ஒன்று. நாலு பக்கமும் சங்கிலி, முன்னும் பின்னும் இறக்கி ஏற்றுகிற பலகை. பக்கத்தில் கட்டிய இயந்திரப் படகொன்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். பஸ், லொறி, மாடு, நெல்மூட்டை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கோர்ட்டுக்குப் போகிறவர் எல்லாரும் அதில்தான். பாலம் வருவதற்கு முன்பு எங்கள் கரையில் கடலும் ஆறும் கண்ட இடமெல்லாம் வீதியை வெட்டி வைத்திருந்தன. திருகோணமலையிலிருந்து மூதூருக்குத் தரைவழியாகப் போனவன் எத்தனை துறையில் இறங்கி ஏறினான் என்று கேட்டால், போனவனே விரலை மடித்துப் பார்த்துத்தான் சொல்லுவான்.

துறைக்கு என்று ஒரு மணம் இருந்தது. டீசல், சேறு, காய்கிற வலை. அவற்றுக்கு மேலே சூடான மணலில் கச்சான் என்கிற நிலக்கடலை வறுபடுகிற மணம். அந்த மணத்துக்குச் சொந்தக்காரி சுபைதா ராத்தா. கிண்ணியா முஸ்லிம் ஊர், ராத்தா என்றால் அக்கா. கிண்ணியாப் பக்கத்துத் துறையில், பூவரச மரத்துக்குக் கீழே, இரும்புச் சட்டியும் விறகடுப்பும் அவரும். கணவர் கடலில் இறந்துவிட்டார். ஒரே மகன் சலீம் நகரத்தில் ஒரு துணிக்கடையில் நின்றான். கச்சானைப் பத்திரிகைத் தாளில் சுருளாக மடித்துக் கொடுப்பார். அதிகமும் எங்கள் பத்திரிகை.

"உங்கட பேப்பர் நல்லம் தம்பி. மத்தது கிழியும்."

என் எழுத்தைப் பற்றி அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விமர்சனம் அது. நான் எழுதியதைச் சந்தா கட்டி வாங்கிப் படித்தவர்களைவிட, கச்சான் தின்றுகொண்டே பாதி வாக்கியம் வரைக்கும் படித்தவர்கள்தான் அதிகமாக இருந்திருப்பார்கள்.

அப்போது நான் திருகோணமலை நிருபர். சிவநேசன் கிண்ணியாவை அடுத்த தமிழ்க் கிராமமான ஆலங்கேணியைச் சேர்ந்தவன், எனக்குப் படம்பிடித்துத் தருகிறவன். சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த மாதங்கள். செய்தி குறைந்துவிட்டது என்று கவலைப்பட்ட ஆசிரியர், ஞாயிறு மலருக்கு மாவட்டத்தின் பழங்கதைகளை எழுது என்று சொல்லிவிட்டார். அவருக்கு இராவணன் வேண்டும், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் வேண்டும், கந்தளாய்க் குளக்கட்டுக்கு ஒரே இரவில் மண் சுமந்த பூதங்கள் வேண்டும். நாங்களும் போனோம். கன்னியாவில் சிவநேசன் கிணற்றுக்குள் எட்டிப் படமெடுக்கப் போய், ஆவி பட்டு கமெராக் கண்ணாடி மங்கி, எல்லாப் படமும் மேகமாக வந்தது. கந்தளாயில் பூதங்களைப் பற்றி நாங்கள் கேட்ட மனிதர், மூடிக் கிடக்கிற சீனித் தொழிற்சாலை எப்போது திறக்கும் என்று எங்களையே திருப்பிக் கேட்டார்.

இந்த மாவட்டத்தின் கதைகள் கோயிலிலும் குளக்கட்டிலும் இல்லை, துறையில் இருக்கின்றன என்பது எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் எடுத்தது. காரணம் எளிமையானது. துறையில் எல்லாரும் காத்திருக்க வேண்டும். ஏலாது என்று சொல்ல முடியாது. தம்பலகாமத்து வாத்தியாரும் மூதூர் நெல் வியாபாரியும் இறக்கக்கண்டி மீன்பிடிச் சம்மாட்டியும் ஒரே பூவரச நிழலில் நிற்க வேண்டும். வாயை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது?

பாதையின் கதையை எங்களுக்கு முதலில் சொன்னவர் சுபைதா ராத்தாதான். அக்கரையில் ஒரு கம்பம் நின்றது. அதில் ஏன் கப்பி கட்டியிருக்கிறது என்று நான் கேட்டேன்.

"அது வெள்ள ஏத்துறத்துக்கு" என்றார். "மையத்து வந்தா வெள்ளத் துணி ஏறும். ஏறினா பாத ஒராளையும் ஏத்தாமப் போய் எடுத்துக்கு வரோணும். மையத்துக்கு முன்னால உசிரோட இருக்கிறவன் தண்ணியக் கடக்கப்படா."

"ஏன்?"

"ஏனா? முந்தி எங்கட ஆளொருத்தன், பெரிய போடி. வயலு, மாடு, எல்லாம் இருக்கு. அறிவு மட்டும் இல்ல. அக்கரையில உங்கட ஏழைப் பொம்பிளை ஒண்டு செத்து வெள்ள ஏறி நிக்குது. இவன், என்ட நெல்லை ஏத்திக்குப் போ எண்டு ஏறிட்டான். பாத நடுவுல போய்த் திரும்பிட்டு. எங்க திரும்பினாலும் ஏறின கரைக்கே வந்து நிக்குது. கடைசியா அவனே இறங்கி, வெறும் பாதையத் தள்ளிக்குப் போய், அந்தப் பொம்பிளையத் தூக்கிக்கு வந்தான்."

பாதையை ஓட்டுகிற மீராசாக் காக்கா, காக்கா என்றால் அண்ணன், பலகையில் இருந்தபடியே சத்தம் போட்டார். "தள்ளிக்குப் போகல்ல. நீந்திப் போனவன். ஒழுங்காச் சொல்லு."

"இவரு கரையில நிண்டு பாத்தவரு!" என்றார் ராத்தா. "கச்சான் கடன் கேட்டா மட்டும் காது கேக்காது."

இருவரும் உறவினர் இல்லை. ஆனால் ஒரு நாளும் ஒரு கதையை மற்றவர் தனியாகச் சொல்லி முடிக்க விட்டதில்லை.

சில நாள் கழித்து அதே துறையில், அதே கதையைத் தம்பலகாமத்து வாத்தியார் ஒருவர் மூதூர் வியாபாரிக்குச் சொல்லக் கேட்டேன். அதில் போடி தமிழன். இறந்தது கிண்ணியாக் கூலிக்காரர் ஒருவரின் மனைவி. வியாபாரி சிரித்துக்கொண்டே, "எங்கட பக்கம் வேற மாதிரிச் சொல்லுவாங்க சேர்" என்றார். வாத்தியார் விடவில்லை. எனக்கு நிருபர் புத்தி. இரண்டில் ஒன்று பிழையாகத்தான் இருக்க வேண்டும். நேராகச் சுபைதா ராத்தாவிடம் போய்க் கேட்டேன். அவர் சட்டியைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"அவரு அப்பிடித்தான் சொல்லோணும். நான் இப்பிடித்தான் சொல்லோணும். கெட்டவன் வேணுமெண்டா தன்ட ஊட்டில இருந்துதான எடுக்கோணும்? உன்ட ஆளக் கள்ளனாக்கி, அத உனக்கே சொல்லுவனா? பிறகு நீ என்ட கச்சானத் திம்பியா?"

"அப்ப உண்மை எது ராத்தா?"

"பாத திரும்பினது உண்மை. அது ரெண்டு கதையிலயும் இருக்குதே."

அதற்குப் பிறகு நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். அது துறையின் வழக்கமாகவே இருந்தது. கிணற்றில் நஞ்சு போட்டவன், புதையலுக்காகத் தம்பியைக் காட்டிக்கொடுத்தவன், வாக்கு மாறியவன் எல்லாரும் சொல்கிறவரின் ஊர்க்காரர்கள். தண்ணீர் கொடுத்தவள், மன்னித்தவன், பொறுத்தவன் எல்லாரும் கேட்கிறவரின் பக்கம். யாரும் இதைச் சட்டமாகச் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. இதை அப்படியே எழுதி அனுப்பினேன். "நல்லாய்த்தான் இருக்கு, இராவணன் எங்கே?" என்று ஆசிரியர் கேட்டார்.

சிவநேசனுக்கு ஒரு குறை. சுபைதா ராத்தா தன்னைப் படமெடுக்க விடமாட்டார். கமெராவைத் தூக்கினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அகப்பையை ஓங்குவார்.

"நீ என்னப் பாக்கத் தேவல்ல. உன்ட கலியாணத்தண்டு இந்தத் துறையாலதான மாப்பிளையாப் போவாய்? அண்டைக்கு நான் உன்னப் பாக்கிறன். தலப்பாவோட என்ன கோலமா இருக்காய் எண்டு பாத்துத்தான் விடுவன்."

அந்தக் கல்யாணம் இலேசில் நடக்கிற மாதிரி இல்லை. பெண் சாம்பல்தீவு. நகரத்துக்கு வடக்கே. முதலில் குறித்த நாளில் ஊரடங்குச் சட்டம் வந்து எல்லாம் நின்றுபோனது. படம்பிடிக்கிறவனுக்குப் பெண் கொடுப்பதா என்று முன்பே முணுமுணுத்தவர்களுக்கு அது நல்ல சாட்டாயிற்று. இரண்டாவது நாள், ஆனி முடிய முன்னம் கடைசி முகூர்த்தம். அதையும் விட்டால் ஆடி. ஆடி முடியும் வரைக்கும் அந்த வீட்டில் யாரும் பொறுக்கப் போவதில்லை, சகுனம் சரியில்லை என்று பெண்ணை வேறிடத்தில் கொடுத்துவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சிவநேசன் அந்த மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்று நாங்கள் ஆலங்கேணியிலிருந்து மேளதாளத்துடன் துறைக்கு வந்தோம். ஏற்கெனவே பிந்திவிட்டது. நாதஸ்வரக்காரரைச் சோதனைச் சாவடியில் மறித்து, அந்தக் குழலுக்குள் என்ன இருக்கிறது என்று விசாரித்திருக்கிறார்கள். பூவரச மரத்துக்குக் கீழே அடுப்பு குளிர்ந்து கிடந்தது. சுபைதா ராத்தாவை நெஞ்சுநோ என்று நகரத்து ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது எங்களுக்குத் தெரியும். சிவநேசன் தலைப்பாகையோடு அந்த அடுப்பை ஒரு தரம் பார்த்தான். பாதை எங்கள் கரையில்தான் நின்றது. நல்ல காலம் என்று எல்லாரும் பலகையை நோக்கி நடந்தோம்.

அப்போது அக்கரையில் வெள்ளை ஏறியது.

மேளத்துக்கு யாரும் கைகாட்டவில்லை. தவில்காரர் கண்டார், குச்சி நின்றது. நாதஸ்வரம் ஒரு சுரத்தின் பாதியில் அறுந்தது. மீராசாக் காக்கா பலகையைத் தூக்கினார்.

சிவநேசனுக்குத் தகப்பன் இல்லை. எல்லாம் அவனுடைய பெரியப்பாதான். உரத்த குரல், நல்ல மனசு, வாய்க்குக் கடிவாளம் இல்லை. அவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

"காக்கா, விளையாடாதீங்க. மாப்பிள்ளை நிக்கிறான். முகூர்த்தம் போகுது."

"வெள்ள ஏறிட்டே."

"நாங்கள் போய் இறங்க, அவையள் ஏறட்டும். ஒரு ஓட்டம்தானே? ஆருக்கு நட்டம்?"

"ஏலாது."

"ஏலாதோ, இல்லாட்டி மனமில்லையோ? உங்கட ஆக்கள் எண்டபடியால்தானே இந்தச் சட்டம்? எங்கட சவம் எண்டால் இவ்வளவு நேரம் பாத்திருப்பியளோ?"

அந்தக் கரையில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் அதுவரை கேட்டதில்லை. வேறிடங்களில் கேட்டிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். அங்கே கேட்டதில்லை. மீராசாக் காக்கா பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு சங்கிலியிலிருந்து பெரியப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கோபமாக அல்ல, குழந்தையின் கையிலிருந்து கத்தியை எடுப்பது போல. பாதை வெறுமையாகப் போயிற்று.

சிவநேசன் குளிர்ந்த அடுப்புக் கல்லில் இருந்துவிட்டான். பட்டு வேட்டியில் கரி பிடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. "விடு மச்சான்" என்றான் என்னிடம். "காக்கா செய்தது சரி." தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவள் சாம்பல்தீவில் கல்யாணச் சேலை உடுத்திக்கொண்டிருப்பாள் என்று நான் நினைத்தேன். அவனும் அதைத்தான் நினைத்திருப்பான்.

பாதை நடுவழிக்குப் போனபோது அக்கரைக் கம்பத்தில் வெள்ளை இறங்கியது.

ஏறிய வெள்ளை மையத்து ஏறும் முன்னர் இறங்கி யாரும் கண்டதில்லை. பாதை கொஞ்சம் வேகம் குறைந்தது போல இருந்தது, பிறகு போய் அணைந்தது. மீராசாக் காக்கா இறங்கி, அங்கே நின்ற வானுக்குப் பின்னால் போவது தெரிந்தது. அவர் திரும்பி வரச் சற்று நேரம் பிடித்தது. பாதை திரும்பி வந்தது. வெறுமையாக.

"ஏறுங்க" என்றார்.

"மையத்து?" என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது.

"வழி விட்டுட்டாங்க. மேளம் கேட்டதாம். வெள்ள ஏறினதும் நிண்டதும் கேட்டதாம். மாப்பிள போகட்டும் எண்டு சொல்றாங்க. ஏறுங்க, நேரம் போகுது."

"ஆர் காக்கா?"

"கிண்ணியா ஆள்."

ஏறினோம். நடுத்தண்ணீரில் மீராசாக் காக்கா தவில்காரரைப் பார்த்து, "ஏன் சும்மா வாறீங்க? அடிங்க. அவங்க சொன்னதுதான்" என்றார். தவில்காரர் யோசித்துவிட்டுக் குச்சியை மடியில் வைத்தார். விரல்களால் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தார். மீராசாக் காக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஏறியவுடன் போட வேண்டிய பின்சங்கிலியைப் போட மறந்திருந்தார். அத்தனை வருடத்தில் நான் கண்ட அவருடைய ஒரே மறதி அது. எழுந்து நான் போட்டேன்.

அக்கரையில் வானின் பக்கத்தில் நின்றவன் சலீம். துணிக்கடையில் நிற்கிற சலீம். அவனைக் கண்டதும் எங்களுக்கு விளங்கிவிட்டது.

சிவநேசன் பலகையிலிருந்து பாய்ந்து இறங்கி வானை நோக்கிப் போனான். மாப்பிள்ளைக் கோலத்தில் சவத்தருகே போகக்கூடாது என்று பெரியப்பா அவன் சால்வையைப் பிடித்தார். பிறகு தானே விட்டுவிட்டார். தடுத்தவன் சலீம்தான். கையை நீட்டி நிறுத்தினான். அழுது முடித்த முகம்.

"கிட்ட வராதீங்க மாப்பிள. நல்ல காரியத்துக்குப் போற ஆள்." பிறகு சொன்னான்: "உம்மா பாத்திட்டா. போங்க."

பெரியப்பா தோள் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வானைப் பார்த்துக் கும்பிட்டார். வெகுநேரம் கும்பிட்டார். நாங்கள் போனோம். முகூர்த்தம் முடிகிற நேரத்தில் தாலி ஏறியது. என்னிடம் அந்தக் கல்யாணத்தின் படங்கள் இருக்கின்றன. சிவநேசனின் வேட்டியில் பின்பக்கம் கரி இருப்பது முன்னாலிருந்து எடுத்த படங்களில் தெரியாது. சுபைதா ராத்தாவின் படம் எவரிடமும் இல்லை.

அந்த நாளின் கதை துறையில் சில வருடங்கள் ஓடியது. பெரியப்பா சாகும்வரைக்கும் தன் கதையில் தன்னையே கெட்டவனாக வைத்துச் சொன்னார். "நான்தான் வாயை விட்டனான். அவங்கள் பெரிய ஆக்கள், அவங்கள்தான் முதல் வழி விட்டவங்கள்." மீராசாக் காக்கா அதே நாளை வேறு மாதிரிச் சொன்னார். "மாப்பிள ஊட்டு ஆக்கள்தான் முதல்ல மேளத்த நிப்பாட்டினது. வெள்ளயக் கண்ட உடனே நிப்பாட்டிட்டாங்க. அவங்க நிப்பாட்டாட்டி சலீமுக்கு என்னெண்டு தெரியும்? நான்தான் கல்லு மாதிரி நிண்டவன்." பெரியப்பா சொன்ன அந்த வாக்கியம் அவருடைய கதையில் இல்லவே இல்லை. நான் கண்ணால் கண்டவன். இரண்டிலும் பொய் இல்லை. இதைப் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தால், யார் முதலில் என்று தலைப்புப் போட வேண்டியிருந்தது. எழுதவில்லை.

இதற்குள் சண்டை திரும்ப வந்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தது. கடைசியாகப் பாலம் வந்தது. பாலத்தைக் குறை சொல்ல நான் ஆளில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அந்தத் துறையில் காத்துக் கிடந்து இறந்தவர்களைப் பற்றியும் நான் எழுதியிருக்கிறேன். நிமிடங்களில் கடந்துவிடுகிறோம், நல்லதுதான். ஆனால் யாரும் யாரோடும் நிற்க வேண்டியதில்லை. போன வருடம் மூதூர் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்த ஒருவர் பாதை திரும்பிய கதையைச் சொன்னார். அந்தக் கதையை அவ்வளவு காலத்துக்குப் பிறகு கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். சொன்னவர் எங்கள் ஆள். கேட்டவரும் எங்கள் ஆள். போடி மட்டும் அவர்களுடைய ஆள். அவர்களுடைய பஸ்ஸிலும் யாரோ ஒருவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு போயிருப்பார்.

சென்ற ஆவணிக் கல்யாணத்தன்று, மண்டபத்தில் அலங்காரம் முடிந்து, மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தபோது சிவநேசனின் மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, அப்பா சொல்லமாட்டார். வானில பாட்டை ஏன் நிப்பாட்டினவர்?"

சொன்னேன். துறை, அடுப்பு, வெள்ளை, அவளுடைய தாத்தாமுறைக்காரர் வாயை விட்டது, எல்லாம். தான் பிறந்திருக்காமல் போயிருக்கக்கூடிய ஒரு மதியத்தைப் பற்றி அவள் மிகக் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப உண்மையிலை ஆர் மாமா முதல் வழி விட்டது? இவையளோ, அவையளோ?"

"சொல்லுறது நான். அப்ப அவையள்தான்."

அவளுக்கு விளங்கியதா தெரியாது. சிரித்தாள். அதற்குள் வெளியே மேளம் தொடங்கிவிட்டது.

நான் அதே கதிரையில் இருந்தேன். கதையில் எங்கள் பாதி என்னிடம் இருக்கிறது, அதை இன்னும் கொஞ்சக் காலம் சொல்லலாம். கிண்ணியாவில் ஒரு பிள்ளை இதே கேள்வியைக் கேட்டால், ஆலங்கேணி ஆக்கள்தான் முதலில் மேளத்தை நிறுத்தினார்கள் என்று சொல்ல அங்கேயும் ஒருவர் வேண்டும். மீராசாக் காக்கா கடல் வந்த அன்று போய்விட்டார். சலீம் வெளிநாடு போனவன், திரும்பியதாகத் தெரியவில்லை. கம்பமும் இல்லை.